தலையெழுத்தும் துத்தநாகமும்

நம் மக்களுக்குள் எந்தக் கஷ்டம் நேர்ந்தாலும், அதற்குக் காரணம் என்ன என்று தேடுவதற்கு முன்பாகவே சமாதானம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் வெகுகாலமாக இருந்து வருகின்றது. மழை பெய்யவில்லையானால் ஊரில் பாவம் மிகுந்துவிட்டது. வியாபாரம் நொடித்தால் சனி பிடித்திருக்கிறது. பிள்ளை வளராமல் குறுகிப்போனால் தலையெழுத்து. இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதைப்பற்றியே இங்கு பேச நினைக்கின்றோம். ஏனெனில், பிள்ளை வளராமைக்குள்ள பல காரணங்களில் ஒன்று தராசில் நிறுத்துக் காட்டக்கூடியதாயும், கடையில் சில ரூபாய்க்கு வாங்கக்கூடியதாயும் இருக்கின்றது. அதன் பெயர் துத்தநாகம்.

துத்தநாகம் என்றதும் கூரைத் தகரத்தின் பூச்சும், கிணற்றடி வாளியின் பூச்சும் வாசகர்களுக்கு ஞாபகம் வரலாம். அதே உலோகந்தான். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடம்பில் அது சுமார் 2 கிராம் இருக்கின்றது. அதாவது கால் பவுன் தங்கத்தின் எடை. இந்தக் கால் பவுன் எடையைக் கொண்டு உடம்பு செய்யும் வேலையோ கொஞ்சமல்ல. தின்ற சோற்றைச் செரிப்பது முதல், புண் ஆறுவது, தோல் புதுப்பிப்பது, நாவுக்குச் சுவை தெரிவது, நோயை எதிர்ப்பது, பிள்ளை உயர்வது, பருவம் அடைவது வரையில் முந்நூறுக்கு மேற்பட்ட நொதிப்பொருள்கள் துத்தநாகத்தின் துணையின்றி வேலை செய்வதில்லை. இரும்பை உடம்பு ஈரலில் சேர்த்துவைத்துக்கொள்வதுபோல் இதைப் பெருவாரியாகச் சேர்த்துவைத்துக்கொள்ள முடியாது. ஆகவே நாள்தோறும் ஆகாரத்தின் வழியாகவே வந்து சேரவேண்டும். வராவிட்டால், வளருகிற உடம்பு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்.

இது எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியிலும் தெரியவில்லை. 1869இல் பிரஞ்சுக்காரரான ஜூல் ரோலன், ரொட்டியிலும் பழத்திலும் படரும் கரும்பூசணம் துத்தநாகமின்றி வளருவதில்லை என்று கண்டார். 1934இல் அமெரிக்காவில் எலிகளுக்கும் அது தேவை என்று காட்டினார்கள். 1955இல் பன்றிகளுக்கு வரும் ஒருவகைத் தோல் நோய் துத்தநாகக் குறைவால் வருவது என்று வெளியாயிற்று. பூசணத்திற்குத் தேவை, எலிக்குத் தேவை, பன்றிக்குத் தேவை என்றான பிறகும், மனிதனுக்கு இந்தக் குறைவு வரவே வராது என்றுதான் படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டால், துத்தநாகம் மண்ணிலும் தானியத்திலும் எங்கும் நிறைந்திருக்கின்றது, ஆகையால் குறைவுபட வழியில்லை என்றார்கள். எங்கும் நிறைந்திருக்கிறது என்பதாலேயே எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிடும் என்பது கடவுள் விஷயத்தில் எவ்வளவு மெய்யோ, அவ்வளவு மெய்தான் துத்தநாக விஷயத்திலும் என்பது பின்னால் தெரியவந்தது.

1958இல் ஈரான் தேசத்து ஷிராஸ் பட்டணத்தில் டாக்டர் ஆனந்த பிரசாத் என்பவர் வேலை பார்த்து வந்தார். இவர் பீகார் மாகாணத்தில் பிறந்து, பாட்னாவில் வைத்தியம் படித்து, அமெரிக்கா சென்று மேற்பயிற்சி பெற்றவர். அவரிடம் ஒரு நோயாளியைக் காட்டினார்கள். வயது 21. பார்வைக்குப் பத்து வயதுப் பையன். உயரமில்லை, மீசையில்லை, பருவம் வந்த அடையாளம் எதுவுமில்லை. இரத்தம் சுண்டியிருந்தது, தோல் காய்ந்து கிடந்தது, ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் சுறுசுறுப்பில்லை. அவன் சாப்பாடு என்னவென்று விசாரித்தால், புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. இறைச்சியென்பது கிடையாது. அத்துடன் நாள்தோறும் அரைக் கிலோ அளவுக்குக் களிமண் தின்று வந்தான். தேடிப்பார்த்தபோது, இவனைப்போன்ற வாலிபர்கள் அந்தச் சுற்று வட்டாரத்தில் இன்னும் பலர் இருப்பது தெரிந்தது.

இவர்கள் நம் ஊரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும். பூர்வஜென்ம பாவம் என்றிருப்போம், நாகதோஷம் என்றிருப்போம், கொஞ்சம் படித்தவராயிருந்தால் அந்த வம்சமே குள்ள வம்சம் என்றிருப்போம். டாக்டர் பிரசாத் அப்படியொன்றும் சொல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்களைத் தட்டிப் பார்த்தார். இரத்தம் சுண்டியதற்கு இரும்புச் சத்துக் குறைவு காரணம் என்பது சரி. ஆனால் வயதுவந்த ஆண்பிள்ளைக்கு இரத்தம் எங்கும் போகாமல் அவ்வளவு குறைவு ஏன் வரவேண்டும்? கொக்கிப்புழுவும் இல்லையே. அதுவும் போகட்டும், இரும்புக் குறைவினால் மட்டும் பருவம் நின்றுபோவதில்லையே. ஆகவே இரும்பைத் தடுத்த அதே ஆகாரம் வேறொரு பொருளையும் தடுத்திருக்கவேண்டும். அது துத்தநாகமாயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். 1961இல் இதை ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள்.

சந்தேகம் என்று சொன்னதை முடிவு என்று சாதிக்காமல், அதைப் பரீட்சித்துப் பார்த்ததுதான் இதில் முக்கியம். அவர் எகிப்து தேசம் சென்று, கெய்ரோவிலிருந்த அமெரிக்கக் கடற்படையின் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில், அதேபோல் குறுகிப்போயிருந்த கிராமத்து வாலிபர்களைச் சோதித்தார். அவர்கள் இரத்தத்திலும் தலைமயிரிலும் துத்தநாகம் குறைந்திருந்தது. பிறகு சிலருக்குத் துத்தநாகமும், சிலருக்கு இரும்பும், சிலருக்கு நல்ல ஆகாரம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். துத்தநாகம் பெற்றவர்களே மற்றவர்களைவிட வேகமாக வளர்ந்தார்கள். ஒரே வருஷத்தில் ஐந்து, ஆறு அங்குலம் உயர்ந்தவர்களும் உண்டு. வராது என்றிருந்த பருவ அடையாளங்கள் சில மாதங்களில் வந்தன. பிரமன் எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்து, சில மில்லிகிராம் உப்பில் அழிந்துபோயிற்று.

இதற்குப் பிறகும் பெரிய படிப்பாளிகள் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. சண்டை பல வருஷம் நடந்தது. 1974இல்தான் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு, துத்தநாகம் மனிதனுக்கு இன்றியமையாதது என்று ஏற்று, தினசரி அளவும் குறித்தது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் பிடிவாதம் உண்டு. ஆனால் அங்கே பிடிவாதத்தைவிடப் பரீட்சைக்கு மதிப்பு அதிகம். இன்னார் சொன்னார் என்பதால் நிற்பதும், இன்னார் மறுத்தார் என்பதால் விழுவதும் அங்கில்லை. நாம் கற்கவேண்டியது துத்தநாகத்தை மட்டுமல்ல, இந்த முறையையுந்தான்.

நிற்க, ஈரான் தேசத்து ரொட்டிக்கும் நம் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் மிக நெருக்கமானது. கோதுமை, அரிசி, கம்பு, சோளம், பருப்பு ஆகிய எல்லா விதைகளிலும் பைட்டிக் அமிலம் என்றொரு பொருள் உண்டு. அது துத்தநாகத்தையும் இரும்பையும் குடலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். தட்டு நிறையத் தானியம் தின்பவன் தட்டில் துத்தநாகம் இருந்தும், உடம்புக்கு அது போய்ச் சேருவதில்லை. அதனால்தான் அமெரிக்காவில் ஓர் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் போதும் என்று வைத்திருக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்கில் நம் நாட்டு ஆண்பிள்ளைக்கு 17 என்றும், பெண்ணுக்குச் சுமார் 13 என்றும் வைத்திருக்கிறது. தானியமே ஆகாரமாயிருக்கும் நாட்டில், பாதி வழியில் பறிபோவதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

மண் தின்னும் சங்கதியும் நமக்குப் புதியதல்ல. அடுப்பு மண், சாம்பல், செங்கல் தூள் தின்னும் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் நம் ஊர்களில் இல்லையா? கண்ணன் மண் தின்ற கதையைக் கேட்டு, அவன் வாயில் ஈரேழு பதினாலு லோகமும் தெரிந்ததாமே என்று மெய்சிலிர்க்கும் தாயார், தன் பிள்ளை மண் தின்றால் முதுகில் இரண்டு வைக்கிறாள். அந்தப் பிள்ளையின் வாயில் லோகமும் தெரியாது, பாவமும் தெரியாது. பெரும்பாலும் தெரியக்கூடியது இரும்புக் குறைவு. சில சமயம் அதனோடு துத்தநாகக் குறைவு. அடிப்பதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இரத்தம் பார்க்கச் சொல்லுகிறோம்.

இனி, துத்தநாகம் நிரம்பிய ஆகாரம் எது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. பட்டியலில் தலைமை வகிப்பது கடல் சிப்பி. அதன்பின் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, நண்டு. எதையெதைத் தின்றால் இழிவு என்று உயர்ந்த ஆசாரக்காரர்கள் எழுதிவைத்தார்களோ, அதெல்லாம் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது! ஏழைக்கு மலிவாகக் கிடைத்த இறைச்சியைக் காட்டி அவனை இழிவென்றும் சொல்லி, அதை அவன் வெட்கப்பட்டு விட்டுவிடும்படியும் செய்தால், அவன் பிள்ளைக்கு அந்தச் சத்து வேறெங்கிருந்து வரும் என்பதற்கு எந்த ஸ்மிருதியிலும் பதிலில்லை. இறைச்சி தின்ன மனமில்லாதவர்கள் தின்னவேண்டியதில்லை. அது அவரவர் இஷ்டம். அவர்களுக்கும் பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, எள், பூசணி விதை, பால் எல்லாம் இருக்கின்றன. பயற்றை முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் பைட்டிக் அமிலம் குறைகின்றது. இட்லியும் தோசையும் நாவுக்கு மட்டுமல்லாமல் உடம்புக்கும் நல்லதாய்ப் போனது இதனால்தான். புளிக்காத ரொட்டியைத் தின்ற ஷிராஸ் கிராமத்தானுக்கு இந்த உதவியும் இல்லாமற்போயிற்று.

ஆனால் பொருள் இருப்பது வேறு, அது யார் இலையில் விழுகிறது என்பது வேறு. வீட்டில் இறைச்சி சமைத்தால் துண்டு ஆண்பிள்ளைகளுக்கு, குழம்பு பெண்பிள்ளைகளுக்கு, சட்டியில் ஒட்டியது சமைத்தவளுக்கு என்ற ஏற்பாடு இன்னும் எத்தனை வீடுகளில் நடக்கிறது? கர்ப்பிணிக்கு அது ஆகாது, பிரசவித்தவளுக்கு இது ஆகாது என்று பத்தியம் போட்டு, வெள்ளியும் சஷ்டியும் விரதம் இருக்கச் சொல்லி, கடைசியில் பிறந்த பிள்ளை எடை குறைந்திருந்தால் ஜாதகத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஜாதகத்தைப் பார்க்கிற கண்ணைச் சமையற்கட்டின் பக்கம் சற்றுத் திருப்பினால் போதாதா? நாகதோஷம் தீர ஓர் ஆழாக்குப் பாலைப் புற்றில் ஊற்றுகிறார்கள். அந்த ஆழாக்குப் பாலில் அரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட துத்தநாகம் உண்டு. பாம்பு பாலைக் குடிப்பதில்லை, பிள்ளை குடிக்கும். குறை தீரவேண்டியது நாகத்திற்கல்ல, துத்தநாகம் வேண்டி நிற்கும் பிள்ளைக்கு.

இதுவரை சொன்னது வளர்ச்சியைப்பற்றி. உயிரைப்பற்றிய விஷயம் இன்னொன்று இருக்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வயிற்றுப்போக்கினால் மட்டும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உலகத்தில் சாகின்றன. வயிற்றுப்போக்கில் துத்தநாகம் குடல் வழியே வெளியேறுகிறது. துத்தநாகம் குறைந்த குடல் மறுபடியும் வயிற்றுப்போக்குக்கு இடங்கொடுக்கிறது. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. 1995இல் வெளியான டில்லி ஆராய்ச்சியொன்றில் 937 குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்ததில், துத்தநாகம் பெற்ற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நீடிக்கும் அபாயம் 100க்கு 23 பங்கு குறைந்திருந்தது. இதுபோன்ற பல ஆராய்ச்சிகளுக்குப் பின், 2004இல் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் கூடி, வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாள் துத்தநாகமும் கொடுக்கவேண்டும் என்று அறிவித்தன. அப்போது குறித்த அளவு 20 மில்லிகிராம், ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 10. 2020இல் இந்தியாவிலும் டான்சானியாவிலும் நடந்த ஆராய்ச்சி, அதைவிடக் குறைந்த அளவும் அதே பலனைத் தருவதாயும் வாந்தி குறைவதாயும் காட்டியிருக்கிறது. அளவை வைத்தியர் சொல்வார். கேட்டுக் கொடுக்கவேண்டியது பெற்றோர் கடமை.

மந்திரம்போல் உடனே நின்றுவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஆறு மாதம் கடந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக அரை நாள் முன்னதாக நிற்கிறது. மெலிந்த பிள்ளைகளுக்கு ஒரு நாள் அளவுக்கு முன்னதாக நிற்கிறது. அரை நாள்தானே என்று சிரிப்பவர்கள், நாக்கு உலர்ந்து கண் குழிந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அரை நாளைக் கழித்துப் பார்க்கட்டும்.

இந்த மருந்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும், 2019-21இல் இந்தியா முழுவதும் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைகளில் கரைசல் பெற்றவர்கள் 100க்குச் சுமார் 60, துத்தநாகம் பெற்றவர்கள் 100க்குச் சுமார் 30 என்று தெரிகிறது. மற்ற எழுபது பிள்ளைகளும் என்ன பெற்றார்கள்? பலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்குத் தாயத்து, சிலருக்கு வேப்பிலை, சிலருக்கு உரம் விழுந்தது, தோஷம் தட்டியது என்று மந்திரிப்பு. சிலரைப் பட்டினி போட்டால் வயிறு சுத்தமாகும் என்று பட்டினி போட்டார்கள். மந்திரிக்கிறவனுக்குக் கொடுக்கும் தட்சணையில் மருந்தே வாங்கலாம். அவனைக் கேட்டால், பிழைத்த பிள்ளையைத் தன் மந்திரத்துக்கும், செத்த பிள்ளையை அதன் விதிக்கும் கணக்கு எழுதுவான். நஷ்டமே வராத வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான்.

இதையெல்லாம் சொன்னால் இன்னொரு கூட்டம் எழுந்து, துத்தநாகம் எங்கள் முன்னோர்களுக்கு முன்பே தெரியும், நாக பற்பம் என்று மருந்தே இருக்கிறதே என்று மார்தட்டும். இராஜஸ்தானத்திலுள்ள ஜாவர் என்னுமிடத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை ஆவியாக்கி வடித்தெடுத்தார்கள் என்பதும், ஐரோப்பாவில் அதற்கு 1738இல்தான் வில்லியம் சாம்பியன் என்பவர் உரிமை வாங்கினார் என்பதும் உண்மை. அந்த உலையில் வெந்த தொழிலாளியின் திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் உலோகத்தை வடிக்கத் தெரிந்ததும், அது சோற்றில் குறைந்தால் பிள்ளை வளராது என்று தெரிந்ததும் ஒன்றல்ல. அது தெரிந்திருந்தால், தெரிந்தவர்கள் ஏன் அதை ஊருக்குச் சொல்லவில்லை? எந்தப் பதிலைச் சொன்னாலும் பெருமைக்கு இடமில்லை.

பழைய மூடநம்பிக்கையைவிட்டுப் புதிய மூடநம்பிக்கையில் விழுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020, 2021இல் கொரோனா நோய் பரவியபோது, படித்தவர்களே துத்தநாக மாத்திரையைத் தாயத்துப்போல் விழுங்கினார்கள். 2021இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று, வீட்டிலிருந்து வைத்தியம் செய்துகொண்ட கொரோனா நோயாளிகளுக்கு அதிக அளவுத் துத்தநாகத்தால் குறிப்பிடத்தக்க பலனில்லை என்று காட்டியது. நகத்தில் வெள்ளைப் புள்ளி கண்டால் புதுத்துணி கிடைக்கும் என்பது பாட்டி சொன்னது. துத்தநாகக் குறைவு என்பது மருந்து விற்பவன் சொல்வது. இரண்டையும் நம்பவேண்டியதில்லை, பெரும்பாலும் அது நகம் எங்கோ இடிபட்ட அடையாளம். பெரியவர்கள் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் வெகுநாள் விழுங்கினால், உடம்பில் செம்பு சேருவது தடைப்பட்டு இரத்தமே குறைந்துபோகும். இல்லாதவனுக்கு மருந்தாயிருப்பது, இருக்கிறவனுக்கு வீண்செலவு, மிஞ்சினால் விஷம்.

அதேபோல், குறுகிய பிள்ளைகளுக்கெல்லாம் துத்தநாகம் ஒன்றே காரணம் என்றும் நாம் சொல்லவரவில்லை. மேற்சொன்ன கணக்கெடுப்பிலேயே இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 35க்கு மேல் வயதுக்குரிய உயரமில்லாதவர்கள் என்று கண்டிருக்கிறது. அதற்குத் தாயின் பட்டினி, அழுக்குத் தண்ணீர், அடிக்கடி வரும் நோய், போதாத ஆகாரம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அவை யாவும் இந்த உலகத்துக் காரணங்கள். மனிதனால் கண்டுபிடிக்கவும் மாற்றவும் கூடியவை. விதி என்று சொன்ன நிமிஷத்திலேயே தேடுவது நின்றுபோகிறது. ஷிராஸில் அந்த வைத்தியரும் விதி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்த வாலிபன் 40 வயதிலும் பத்து வயதுப் பையனாகவே செத்திருப்பான்.

ஆகவே, தோழர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், பட்டினி போடாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போய், துத்தநாக மாத்திரை எங்கே என்று வாய்திறந்து கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லையென்று கேளுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்களோடு ஒரே பந்தியில், ஒரே அளவில், ஒரே துண்டு விழும்படி செய்யுங்கள். வளராத பிள்ளையின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, அதன் தட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். தலையில் எழுத்து இருப்பதை எவரும் கண்டதில்லை. தட்டில் இருப்பதை எல்லோரும் காணலாம். வேண்டுமானால் மாற்றவும் மாற்றலாம்.